‘பார்க்கலாம்’ என்றால் வேண்டாம் என்று பொருள்

தீபாவளிக்குக் கோவில்பட்டி போயிருந்தபோது சித்தி தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். “ஏய்யா, இதுக்குச் சரின்னு போடட்டா?” என்ன கேட்கிறது என்று நான் எட்டிப் பார்ப்பதற்குள் போட்டுவிட்டார். அடுத்து இன்னொன்று வந்தது. அதற்கும் போட்டார். மின்கட்டணம் கட்டுவதற்காக அவர் புதிதாக இறக்கியிருந்த செயலி அது. தொடர்புப் பட்டியல், இருப்பிடம், குறுஞ்செய்தி, அறிவிப்பு என்று நான்கு ‘சரி’ வாங்கிக்கொண்ட பிறகுதான் மின் இணைப்பு எண்ணைக் கேட்கும் பக்கத்துக்கே அது வந்தது.

“என்ன கேட்டுச்சுன்னு பாத்தீங்களா சித்தி?” என்றேன்.

“என்னமோ கேக்குது. சரின்னு போட்டாத்தான உள்ள விடுது” என்றார்.

அந்தக் கேள்விகளை வடிவமைப்பதுதான் 16 ஆண்டுகளாக எனக்குச் சோறு போடும் வேலை. எந்த இடத்தில் கேட்பது, எந்தச் சொல்லால் கேட்பது, எந்தப் பொத்தானுக்கு எந்த நிறம் என்று முடிவெடுக்கும் அறைகளில் உட்கார்ந்திருக்கிறேன். சித்திக்கு அது கேள்வியாகவே தெரியவில்லை. கதவின் தாழ்ப்பாளாகத்தான் தெரிந்திருக்கிறது. அவர் சொன்னது சரிதான், அப்படித்தான் அதைச் செய்து வைத்திருக்கிறோம்.

முதலில் அந்தச் ‘சரி’யையே எடுத்துக்கொள்வோம். போனில் எதிர்முனையில் இருப்பவர் பேசிக்கொண்டே போகிறார். நாம் சரி, சரி என்கிறோம். காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள் என்று அர்த்தம். சண்டையை முடிக்க ‘சரி விடு’. கிளம்பும்போது ‘சரி, வர்றேன்’. இத்தனை வேலை பார்க்கும் சொல்லைத் தூக்கிப் பொத்தானில் எழுதிவிட்டு, அதை அழுத்தியவர் தன் போனில் உள்ள அத்தனை பேரின் எண்ணையும் கொடுக்கச் சம்மதித்தார் என்று கணினியில் பதிந்துகொள்கிறோம். அவர் ‘உம்’ கொட்டினார், அவ்வளவுதான்.

மறுப்புக்கும் நம்மிடம் தனி இலக்கணம் உண்டு. ஜவுளிக் கடையில் பத்துப் புடவையை விரித்துப் போட்ட பிறகு “பார்க்கலாம், வீட்டுல கேட்டுட்டு வர்றேன்” என்றால், கடைப் பையன் மறுபேச்சில்லாமல் மடிக்க ஆரம்பித்துவிடுவான். பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் “ஊருக்குப் போய்த் தகவல் சொல்றோம்” என்றாலே பெண் வீட்டாருக்குப் புரிந்துவிடும். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லக் கூசுகிற மக்கள் நாம். அந்தக் கூச்சத்தை மதிக்கத் தெரிந்தவர்கள் அதோடு விட்டுவிடுகிறார்கள். மென்பொருளுக்கு மட்டும் அந்த நாசூக்கு கிடையாது. ‘அனுமதி’ என்று ஒரு பொத்தான், ‘பிறகு’ என்று இன்னொரு பொத்தான். ‘வேண்டாம்’ எங்கேயும் இல்லை. பிறகு என்று அழுத்தினால் நாளைக் காலையில் அதே கேள்வி வந்து நிற்கும். நாளை மறுநாளும் நிற்கும். பதினைந்தாம் நாள் அலுத்துப்போய் அழுத்திவிடுவோம்.

இந்த வகைச் சூழ்ச்சிகளுக்கு 2010இல் ஹாரி பிரிக்நல் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயர் வைத்தார். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகளில் 13 வகைகளைப் பட்டியலிட்டது. நச்சரிப்பதும் அதில் ஒன்று. ஆளைக் குழப்பும்படி கேள்வியை எழுதுவதும், வேண்டாம் என்பவரைக் கூச வைக்கும்படி பொத்தானில் வாசகம் போடுவதும் அதில் இருக்கின்றன.

நானும் இதைச் செய்திருக்கிறேன். பெயர் வேண்டாம், முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனம். அறிவிப்புகள் அனுப்ப அனுமதி கேட்கும் பக்கத்தில் இரண்டு பொத்தான்களும் ஒரே அளவில் இருந்தன. மறுப்புப் பொத்தானின் கட்டத்தை எடுத்துவிட்டு வெறும் சாம்பல் நிற எழுத்தாக்கினோம். பாதிப் பயனர்களுக்குப் பழையது, பாதிப் பேருக்குப் புதியது. இரண்டே வாரத்தில் வரைபடக் கோடு ஏறியது. அன்று அலுவலகத்தில் பிரியாணி. ‘பயனர்கள் இந்த வசதியை விரும்பத் தொடங்கிவிட்டார்கள்’ என்று அறிக்கை எழுதியவன் நான்தான். அந்த இரண்டு வாரத்தில் யாருடைய விருப்பமும் மாறியிருக்கவில்லை. நான் பொத்தானின் நிறத்தைத்தான் மாற்றியிருந்தேன்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே 25 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு இணையதளங்கள் குக்கீகளுக்கு எப்படிச் சம்மதம் கேட்கின்றன என்று ஓர் ஆய்வுக் குழு, பிரிட்டனில் அதிகம் பார்க்கப்படும் 10,000 தளங்களைத் துழாவியது. ஆய்வு 2020இல் வெளிவந்தது. முன்னணி நிறுவனங்கள் விற்கும் ஆயத்தச் சம்மதப் பெட்டிகளை வைத்திருந்த 680 தளங்களில், சட்டத்தின் குறைந்தபட்ச நிபந்தனைகளையாவது நிறைவேற்றியவை 11.8 சதவீதம் மட்டுமே. அதே குழு நடத்திய சோதனையில், ‘எல்லாவற்றையும் மறுக்கிறேன்’ பொத்தானை முதல் பக்கத்திலிருந்து எடுத்து உள்ளே தள்ளியதும் சம்மதம் 22 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடியது. நாங்கள் பிரியாணி சாப்பிட்டதன் கணக்கும் இதுதான்.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பார்கள். ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபர் 1 அன்று அதை அடியோடு மறுத்தது. ஜெர்மனியின் பிளானட்49 நிறுவனம் இணையத்தில் நடத்திய பரிசுப் போட்டியில், குக்கீகளுக்கான கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருந்தது. வேண்டாதவர்கள் எடுத்துவிடலாமே என்பது அதன் வாதம். ஆள் தானாக ஒன்றைச் செய்தால்தான் சம்மதம். எடுக்காமல் விட்டது சம்மதமாகாது என்றது நீதிமன்றம். பிறகு பிரான்சின் தரவுப் பாதுகாப்பு அமைப்பான சிஎன்ஐஎல், 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததாக அறிவித்தது. ஏற்க ஒரே ஒரு சொடுக்கு, மறுக்கப் பல சொடுக்குகள் என்பதுதான் அங்கே குற்றம். பொத்தான்களின் எண்ணிக்கைக்காகக் கோடிகளில் அபராதம் விழும் என்பதை எங்கள் தொழிலில் பலரும் அன்றுதான் முதன்முறையாக நம்பினோம்.

ஆனால், ஐரோப்பாவைப் பார்த்து அப்படியே நாமும் செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டேன். எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதித் திரையை மறைக்கும் பெட்டி, அதை விரட்ட ஒரு சொடுக்கு என்பது அங்கே அன்றாடத் தலைவலியாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் கேட்டால், எதற்கும் யாரும் யோசிக்க மாட்டார்கள்.

எப்போது கேட்கிறோம் என்பது எப்படிக் கேட்கிறோம் என்பதைவிடப் பெரியது என்பது என் கட்சி. ஆண்ட்ராய்டு போன்களில் 2015 வரை, செயலியை நிறுவும்போதே அது கேட்கும் எல்லா அனுமதிகளும் ஒரே பட்டியலாக வரும். ஒன்று பிடிக்காவிட்டாலும் செயலியே கிடையாது. பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் இதை ஆராய்ந்தார்கள். நிறுவும்போது அந்தப் பட்டியலைக் கவனித்தவர்கள் 17 சதவீதம். புரிகிறதா என்று சோதிக்கக் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் சரியாகப் பதில் சொன்னவர்கள் வெறும் 3 சதவீதம். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 இதை மாற்றியது. செயலி ஓடிக்கொண்டிருக்கும்போது, தேவைப்படும் நேரத்தில், ஒவ்வொன்றாகக் கேட்கலாம் என்றானது. ‘இந்த முறைக்கு மட்டும்’ என்ற நல்ல ஏற்பாடு 2020இல் ஆண்ட்ராய்டு 11இல் சேர்ந்தது.

செயலி செய்பவர்கள் என்ன செய்தோம்? எல்லாக் கேள்விகளையும் முதல் பக்கத்திலேயே வரிசையாக அடுக்கினோம். சுங்கச்சாவடியை நான்கு கிலோமீட்டர் தள்ளிக் கட்டிய கதை. சித்தி கடந்து வந்தது அதைத்தான். ரசீதைப் படமெடுக்க அவர் கேமரா படத்தைத் தொடுகிற கணத்தில் “படமெடுக்கக் கேமராவைத் திறக்கலாமா?” என்று கேட்டிருந்தால் எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்கும். மின்கட்டணச் செயலிக்குத் தொடர்புப் பட்டியல் எதற்கு என்பதை எந்தக் கணத்தில் கேட்டாலும் விளக்க முடியாது. அப்படிப்பட்ட கேள்வியைக் கேட்கவே கூடாது. வடிவமைப்பாளர் ஒத்துக்கொள்ள மறுக்கும் இடம் இது. எவ்வளவு அழகாகக் கேட்டாலும் சில கேள்விகள் தவறானவையே.

தொடர்புப் பட்டியல் அதற்கு முதல் உதாரணம். என் போனில் உள்ள எண்கள் என்னுடையவை அல்ல. சிலிண்டர் போடுபவர், மகளின் வகுப்பாசிரியை, காலமாகிவிட்டாலும் அழிக்க மனம் வராத ஒரு நண்பர். இவர்கள் சார்பில் சம்மதம் சொல்ல நான் யார்? உடனடிக் கடன் செயலிகள் இந்த ஓட்டையில்தான் பிழைத்தன. ஐயாயிரமோ பத்தாயிரமோ கடன் வாங்கும் அவசரத்தில் ஒருவர் ‘அனுமதி’யை அழுத்துகிறார். தவணை தவறியதும் அவருடைய மாமனாருக்கும் மேலதிகாரிக்கும் பழைய வகுப்புத் தோழிக்கும் அவதூறுச் செய்தி போகிறது. மிரட்டல் தாங்காமல் உயிரை விட்டவர்களின் செய்திகள் தமிழ்நாட்டிலிருந்தும் வந்தன. சம்மதம் கேட்டுத்தான் எடுத்தார்கள். திரையில் பொத்தான் இருந்தது. இந்திய ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்ட டிஜிட்டல் கடன் வழிகாட்டுதல்கள், அந்தப் பொத்தானைச் சீர்திருத்தச் சொல்லவில்லை. கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் கோப்புகளையும் அழைப்பு விவரங்களையும் தொடவே கூடாது என்றன. வாடிக்கையாளரைச் சேர்க்கும்போது கேமரா, இருப்பிடம் போன்றவற்றுக்கு வெளிப்படையான சம்மதத்தோடு ஒரே ஒரு முறை மட்டும் இடம் தந்தன. கூகுளும் 2023 மே 31 முதல் தனிநபர் கடன் செயலிகள் படங்களையும் தொடர்புகளையும் அணுகுவதைத் தடை செய்தது.

இன்னொரு தப்பு, ஒன்றுக்கு வாங்கிய சம்மதத்தை இன்னொன்றுக்குச் செலவழிப்பது. மருத்துவத்தில் இதற்கு ஒரு தீர்ப்பு இருக்கிறது. நோயைக் கண்டறியும் லேப்ராஸ்கோப்பிக்கு மட்டும் கையெழுத்திட்ட பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருந்தபோது தாயிடம் ஒப்புதல் வாங்கிக் கருப்பையையே அகற்றிவிட்டார்கள். சோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குத் தந்ததாகாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சொன்னது. மென்பொருளில் இதே காரியம் சத்தமில்லாமல் நடக்கும். 2017இல் சிம் கார்டை ஆதாரோடு சரிபார்க்கப் போன ஏர்டெல் வாடிக்கையாளர்கள் பலருக்கு, அவர்கள் அறியாமலேயே ஏர்டெல் பேமென்ட்ஸ் பேங்கில் கணக்கு திறக்கப்பட்டது. சமையல் எரிவாயு மானியம் அந்தக் கணக்குக்குப் போய் விழுந்தது. வழக்கமான வங்கியில் பணம் வரவில்லையே என்று அலைந்தவர்கள் எத்தனையோ பேர். வாடிக்கையாளரின் தெளிவான, குறிப்பான சம்மதம் இல்லாமல் கணக்குகளைத் திறந்ததற்காக ரிசர்வ் வங்கி 2018 மார்ச்சில் அந்த வங்கிக்கு 5 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

இப்போது நம்மிடம் பொதுச் சட்டமே வந்துவிட்டது. 2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் சுதந்திரமானதாக, குறிப்பானதாக, விவரம் அறிந்ததாக, நிபந்தனையற்றதாக, ஐயத்துக்கு இடமில்லாததாக இருக்க வேண்டும் என்கிறது. சட்டமே தரும் உதாரணம் ஒன்று எனக்குப் பிடிக்கும். தொலை மருத்துவச் செயலி ஒன்று மருத்துவ சேவைக்கும் தொடர்புப் பட்டியலுக்கும் சேர்த்துச் சம்மதம் கேட்கிறது. பயனரும் இரண்டுக்கும் சரி என்கிறார். அப்போதும், சேவைக்குத் தொடர்புப் பட்டியல் தேவையில்லை என்பதால் சம்மதம் சேவைக்கு மட்டுமே செல்லும். பொத்தானை அழுத்தினாலும் செல்லாது! சம்மதத்தைத் திரும்பப் பெறுவது, கொடுத்தது போலவே எளிதாக இருக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வசதி தர வேண்டும். தமிழும் அதில் அடக்கம்.

தமிழில் தந்துவிட்டால் போதுமா? இங்கேதான் எனக்குப் பயம். இன்று செயலிகளில் இருக்கும் தமிழுக்கு ஒரு மாதிரி: “எங்கள் சேவைகளை மேம்படுத்தவும் உங்களுக்குத் தனிப்பயனாக்கப்பட்ட அனுபவத்தை வழங்கவும் உங்கள் தரவு செயலாக்கப்படுவதற்கு இசைவளிக்கிறீர்கள்.” எழுத்து தமிழ், விஷயம் பூஜ்யம். சில மாதங்களுக்கு முன் ஒரு குழுவுக்காக இதை மாற்றி எழுதினேன். “உங்கள் செல்போன் எண்ணைக் கடன் விளம்பரம் செய்யும் நிறுவனங்களுக்குக் கொடுக்கலாமா?” கீழே இரண்டு பொத்தான்கள், ஒரே அளவு, ஒரே நிறம். ‘கொடுக்கலாம்’, ‘வேண்டாம்’. அறையில் இருந்த சட்ட ஆலோசகர் படித்துவிட்டுக் கேட்டார்: “இப்படிக் கேட்டா யார் சார் சம்மதிப்பாங்க?” பதில் அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் சொல்லவில்லை.

வெளியாட்களுக்குத் தெரியாத இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழில் மறுப்பு, சொல்லின் கடைசியில்தான் வரும். விலை குறைந்த போனின் குறுகிய திரையில், எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் முதியவரின் கையில், ‘அனுமதிக்க வேண்டாம்’ என்பது ‘அனுமதிக்க…’ என்று மூன்று புள்ளியோடு வெட்டுப்படும். பக்கத்துப் பொத்தானில் ‘அனுமதி’. இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆங்கிலத்தில் எழுதி அலுவலகத்துப் பெரிய திரையில் சரிபார்ப்பவருக்கு இது கனவிலும் தோன்றாது. அதனால்தான் நான் மறுப்புப் பொத்தானில் ‘வேண்டாம்’ என்ற ஒரே சொல்லோடு நிறுத்துகிறேன்.

நேராகக் கேட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்பார்கள். சிலருக்குப் படுக்கும்தான், மறைப்பானேன்? ஆப்பிள் 2021 ஏப்ரலில், மற்ற செயலிகளிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடரலாமா என்று ஒவ்வொரு செயலியும் கேட்டே ஆக வேண்டும் என்று ஐபோனில் கட்டாயமாக்கியது. இதனால் 2022ஆம் ஆண்டில் மட்டும் தன் வருமானத்தில் சுமார் 1,000 கோடி டாலர் குறையும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா சொன்னது. அதுவரை கேட்காமல் எடுத்துக்கொண்டிருந்ததன் மதிப்பு அது என்றும் படிக்கலாம். ஆப்பிளும் சும்மா இல்லை. அந்த ஏற்பாட்டை நடைமுறைப்படுத்திய விதம் போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்று பிரான்சின் போட்டி ஆணையம் 2025 மார்ச்சில் அதற்கு 15 கோடி யூரோ அபராதம் விதித்தது. மறுக்க ஒரு முறை, ஏற்க இரண்டு முறை என்று கேள்விகள் சமமில்லாமல் இருந்ததும் அதன் குறைகளில் ஒன்று. தராசு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தப்புதான்.

நம் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. சம்மதம் தொடர்பான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாதம், அதாவது 2027 மே வரை அவகாசம். எங்கள் தொழிலில் இப்போது எல்லோரும் பரபரப்பாகப் புதிய பெட்டிகளை வரைந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். வேண்டாம் என்று சொன்னவரைச் செயலி நினைவில் வைத்துக்கொள்ளட்டும்; அவராக அமைப்புகளைத் திறந்து மாற்றும்வரை மறுபடி கேட்காமல் இருக்கட்டும். ‘பிறகு’ என்று அழுத்தியவரையும் அதே கணக்கில் சேருங்கள். ஜவுளிக் கடைப் பையனுக்கு இருக்கும் இங்கிதம் நம் செயலிக்கும் இருக்கட்டுமே.

அன்று இரவு சித்தியின் போனை வாங்கி, அமைப்புகளுக்குள் போய், ஒவ்வொரு செயலியாகப் பார்த்தேன். கால்குலேட்டர் ஒன்றுக்கு இருப்பிடம் தெரிந்திருந்தது. பஞ்சாங்கச் செயலிக்கு மைக்ரோபோன். தேவையில்லாத அனுமதிகள் எல்லாவற்றையும் நிறுத்த முக்கால் மணி நேரம் ஆனது. “எல்லாத்தையும் மூடிட்டா எப்படிய்யா ஓடும்?” என்று பக்கத்தில் உட்கார்ந்து கவலைப்பட்டார். எதுவும் நிற்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அடுத்த மின்கட்டணத்தையும் அதே செயலியில்தான் கட்டினார்.

- கட்டுரையாளர், செயலி வடிவமைப்பாளர்